வீட்டுக்கு ஒரு காற்றாலை: வாங்கலாமா, கட்டலாமா?

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் பயணம் செய்வோர், பணகுடியையும் காவல்கிணற்றையும் கடந்ததும் தம்மை அறியாமலே சன்னல் பக்கம் திரும்புவர். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் மலையடிவாரம் முழுவதும் வெண்ணிறக் கோபுரங்கள் நிமிர்ந்து நிற்க, அவற்றின் நீண்ட இறக்கைகள் நிதானமாகச் சுழன்றுகொண்டிருக்கும். அந்தக் காட்சியைக் காணும் சிறுவன் எவனும் தந்தையிடம் ஒரு கேள்வி கேட்காமல் இரான்: "அப்பா, இப்படி ஒன்றைச் சிறிதாகச் செய்து நம் வீட்டு மாடியில் வைத்துவிட்டால் மின்கட்டணமே கட்ட வேண்டாம் அல்லவா?"

இதைச் சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்று ஒதுக்கிவிட இயலாது. மின்வெட்டும் மின்கட்டணமும் வாட்டும்போது, குடும்பத் தலைவர்கள் பலரின் உள்ளத்திலும் இதே எண்ணம் எழுகிறது. விளம்பரத் தாள்களைப் பார்த்துவிட்டுச் சேமிப்பில் கைவைக்கத் துணிவோரும் உண்டு. ஆகவே இக்கேள்விக்கு நேர்மையான விடை தேவைப்படுகிறது. சில இடங்களில் "ஆம்" என்பதே விடை. பெரும்பாலான இடங்களில் "இல்லை" என்பதே விடை. நம் வீடு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எவ்வாறு அறிவது? அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூற்றாண்டைக் கடந்த முயற்சி

காற்றிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பிளைத் என்பவர், 1887ஆம் ஆண்டு மேரிகர்க் என்னும் சிற்றூரில் இருந்த தமது விடுமுறை இல்லத்தின் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாலை ஒன்றை நிறுவினார். அது தந்த மின்சாரத்தைச் சேமக்கலங்களில் நிரப்பி, வீட்டுக்கு விளக்கேற்றினார். எஞ்சிய மின்சாரத்தை ஊர்த் தெருவிளக்குக்குத் தர அவர் முன்வந்தபோது, ஊரார் அதைப் பேயின் வேலை என்று மறுத்துவிட்டதாகக் கூறப்படுகிறது.

அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்பவர் தம் மாளிகையின் பின்புறத்தில் 17 மீட்டர் விட்டமும் 144 மரச்சட்டங்களும் கொண்ட மாபெரும் சக்கரத்தை எழுப்பினார். அத்தனை பெரிய இயந்திரமும் 12 கிலோவாட் மின்சாரமே தந்தது. டென்மார்க்கின் அஸ்கோவ் ஊர் ஆசிரியர் பொவுல் லாகூர், 1891 முதல் செய்த சோதனைகளில் ஓர் உண்மையைக் கண்டார்: மெதுவாகச் சுழலும் பல இறக்கைகளைக் காட்டிலும், விரைந்து சுழலும் சில இறக்கைகளே மின்சாரம் எடுக்க ஏற்றவை. இன்றைய காற்றாலைகள் யாவும் அவ்வழியே சென்றவை.

1920களில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மின்கம்பி எட்டாத பண்ணையில் வாழ்ந்த ஜேக்கப்ஸ் சகோதரர்கள் மூன்று இறக்கைகள் கொண்ட காற்றாலையை வடிவமைத்தார்கள். இரண்டு இறக்கைகள் மட்டும் இருந்தால், காற்றின் திசைக்கேற்பத் தலைப்பகுதி திரும்பும்போதெல்லாம் இயந்திரம் உதறும். மூன்று இருந்தால் அமைதியாகத் திரும்பும் என்பதைத் தம் அனுபவத்தில் அறிந்தார்கள். அவர்களுடைய இயந்திரங்கள் ஆயிரக்கணக்கான பண்ணை வீடுகளுக்கு ஒளி தந்தன. ஆனால் 1936இல் அமெரிக்க அரசு கிராம மின்மயச் சட்டத்தை இயற்றி, மின்கம்பிகளைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றது. மலிவான மின்சாரம் வாயிலுக்கே வந்ததும் காற்றாலைகள் ஒவ்வொன்றாக இறக்கப்பட்டன.

இவ்வரலாறு தரும் முதற்பாடம் இதுதான்: மின்கம்பி எட்டாத இடத்தில் சிறு காற்றாலை ஒரு வரப்பிரசாதம், மின்கம்பி உள்ள இடத்தில் அது கணக்குப் பார்க்க வேண்டிய செலவு.

மலாவி நாட்டுச் சிறுவன்

வரப்பிரசாதம் என்று கூறினோம். அதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 2001–2002ஆம் ஆண்டுகளில் கொடிய பஞ்சம் நிலவியது. பள்ளிக் கட்டணம் செலுத்த வழியின்றி வில்லியம் கம்குவாம்பா என்னும் 14 வயதுச் சிறுவன் உயர்நிலைப் பள்ளியை விட்டு நின்றான். ஆயினும் அருகில் இருந்த சிறு நூலகத்தை அவன் விடவில்லை. அங்கே கண்ட ஓர் அறிவியல் நூலின் படங்களைப் பார்த்துப் பார்த்து, காற்றாலை எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தானே புரிந்துகொண்டான்.

பழைய சைக்கிளின் சட்டம், டிராக்டரின் விசிறி, வண்டியிலிருந்து கழற்றிய அதிர்வுதாங்கி, நெருப்பில் வாட்டித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் குழாய், சைக்கிள் டைனமோ ஆகியவையே அவனுடைய மூலப்பொருள்கள். யூகலிப்டஸ் மரங்களை வெட்டி நட்டு, ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில் கோபுரம் கட்டினான். குப்பையில் பொறுக்குவதைக் கண்டு பைத்தியம் என்று நகைத்த ஊரார், அவன் கையில் இருந்த விளக்கு எரிந்தபோது வாயடைத்து நின்றார்கள். அவனது வரலாறு 2009இல் நூலாகவும், 2019இல் திரைப்படமாகவும் வெளிவந்து உலகெங்கும் பரவியது. அவரும் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பயின்று 2014இல் பட்டம் பெற்றார்.

இவ்வரலாற்றில் பலரும் கவனியாத ஒரு செய்தி உண்டு. 5 மீட்டர்க் கோபுரம் போதவில்லை என்று கண்ட வில்லியம், சுற்றியுள்ள மரங்களுக்கு மேலே வீசும் காற்றைப் பிடிப்பதற்காகப் பின்னர் அதை 12 மீட்டராக உயர்த்தினார். பட்டறிவால் அவர் கண்ட அந்த உண்மையைப் பணம் கொடுத்து வாங்கும் பலர் இன்றும் அறியாமல் இருக்கிறார்கள்.

காற்றின் கணக்கு

காற்றாலையை வாங்கும் முன் ஒரே ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டால் போதும். காற்றின் வேகம் இருமடங்கானால், அதில் அடங்கிய ஆற்றல் இருமடங்காக அன்று, எட்டு மடங்காக உயர்கிறது. அவ்வாறே வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

2 மீட்டர் விட்டமுள்ள இறக்கைகளை எடுத்துக்கொள்வோம். அவை சுழலும் வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மீட்டர். வினாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அந்த வட்டத்தின் வழியே செல்லும் காற்றின் ஆற்றல் சுமார் 235 வாட். இதை முழுவதும் எடுக்க எவராலும் இயலாது. முழுவதையும் எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும். பின்னால் வரும் காற்றுக்கு வழி இராது. எத்தகைய இயந்திரமும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பதை ஆல்பெர்ட் பெட்ஸ் என்னும் ஜெர்மன் விஞ்ஞானி 1919இல் கணக்கிட்டுக் காட்டினார். நடைமுறையில் நல்ல சிறு காற்றாலை ஒன்று 30 விழுக்காடு எடுத்தால் பாராட்டலாம். ஆக நமக்குக் கிடைப்பது 70 வாட். அதே இயந்திரம் வினாடிக்கு 10 மீட்டர் காற்றில் 560 வாட் தரும்; 2½ மீட்டர் மென்காற்றில் 9 வாட் கூடத் தேறாது. அந்த வேகத்தில் பெரும்பாலான இயந்திரங்கள் மின்சாரம் தரவே தொடங்குவதில்லை.

இறக்கையின் நீளமும் முக்கியமானது. முப்பந்தலில் நாம் காணும் கோபுரங்களுடன் நம் மாடிக் காற்றாடியை ஒப்பிடுவது தகாது. இன்றைய பெரிய காற்றாலைகளில் இறக்கை வட்டத்தின் விட்டம் 100 மீட்டரையும் தாண்டுகிறது. 2 மீட்டர் விட்டத்தைவிட இது 50 மடங்கு. பரப்பிலோ 2,500 மடங்கு! மேலும் அது நூறு மீட்டர் உயரத்தில், தடையற்ற காற்றில் நிற்கிறது.

மொட்டை மாடியின் ஏமாற்றம்

"மாடியும் உயரந்தானே?" என்று வாசகர் கேட்கலாம். வீட்டின் மீது மோதும் காற்று உடைந்து, ஆற்றில் பாறை மீது மோதிய நீரைப் போலச் சுழித்து ஓடுகிறது. அந்தச் சுழிகள் கட்டடத்தின் உயரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு மேலேயும், பதினைந்து இருபது மடங்குத் தொலைவு பின்னாலேயும் நீள்கின்றன. சுழிக்காற்றில் அகப்பட்ட காற்றாடி இங்கும் அங்கும் திரும்பித் தடுமாறுமே அன்றி, மின்சாரம் தராது. இறக்கைகளும் தாங்கிகளும் விரைவில் தேய்ந்துபோகும். இயந்திரத்தின் அதிர்வு சுவர் வழியே இறங்கி, உறங்குவோரின் தலையணை வரை வந்துசேரும்.

இங்கிலாந்தில் 2007 முதல் 2009 வரை "வார்விக் காற்றுச் சோதனை" என்ற பெயரில் கட்டடங்களின் மீது பொருத்தப்பட்ட 26 சிறு காற்றாலைகளை அளந்து பார்த்தார்கள். பழுதாகி நின்ற நாள்களையும் சேர்த்து, ஒரு காற்றாலை சராசரியாக நாள் ஒன்றுக்குத் தந்தது 214 வாட்-மணி. நம் மின் அட்டையின் கணக்கில் இது ஒரு யூனிட்டின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை இரவும் பகலும் எரிக்க இது ஏறத்தாழச் சரியாக இருக்கும், அவ்வளவே. அடுக்குமாடிகளின் உச்சியில் வைத்தவை நன்றாக உழைத்தன. ஆனால் குடியிருப்போர் ஓசையைத் தாங்காமல் முறையிட்டதால் அவற்றை நிறுத்திவைக்க நேர்ந்தது.

ஆகவே அனுபவசாலிகள் வகுத்த விதி இது: 150 மீட்டர் சுற்றளவில் உள்ள வீடு, மரம் ஆகிய எல்லாவற்றையும்விட, இறக்கையின் கீழ்முனை 9 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். திறந்த வெளியிலேயே கோபுரத்தை 10 மீட்டரிலிருந்து 20 மீட்டராக உயர்த்தினால் கிடைக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மரமும் வீடும் நெருங்கிய இடத்தில் வேறுபாடு இதனினும் பெரிது. சிறு காற்றாலைக்கு இயந்திரத்தைவிடக் கோபுரமே அதிகச் செலவு வைக்கக்கூடும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

முதலாவதாக, இயந்திரத்தின் மீது எழுதியுள்ள வாட் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். "1 கிலோவாட்" என்பது பெரும்பாலும் வினாடிக்கு 11 அல்லது 12 மீட்டர் காற்றில், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர் அளவிலான பலத்த காற்றில், அது தரும் அளவாகும். அத்தகைய காற்று ஆண்டில் எத்தனை மணி நேரம் உங்கள் தோட்டத்தில் வீசுகிறது? "உங்கள் இயந்திரம் வினாடிக்கு 4 மீட்டர், 5 மீட்டர் சராசரிக் காற்றில் மாதத்துக்கு எத்தனை யூனிட் தரும்?" என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவதாக, இறக்கை வட்டத்தின் விட்டத்தைக் கேளுங்கள். 1 மீட்டர் விட்டமுள்ள காற்றாடிக்கு "1,000 வாட்" என்று பெயரிட்டு விற்பதைக் காணலாம். வினாடிக்கு 12 மீட்டர் காற்றில்கூட அந்த வட்டத்தினுள் செல்லும் காற்றின் மொத்த ஆற்றலே சுமார் 810 வாட்தான். பையில் இல்லாத பணத்தை எவரால் எடுக்க இயலும்?

மூன்றாவதாக, புயற்காற்றில் இயந்திரம் தன்னை எவ்வாறு காத்துக்கொள்கிறது என்று கேளுங்கள். நான்காவதாக, தாங்கியும் இறக்கையும் பழுதானால் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், கோபுரத்திலிருந்து இறக்குவது யார் என்று கேளுங்கள். ஐந்தாவதாக, சோதனைச் சான்று உண்டா என்று பாருங்கள். 1998இல் சென்னையில் மையமாகத் தொடங்கப்பட்டு, இன்று தேசிய காற்றாற்றல் நிறுவனம் என வழங்கும் அரசு அமைப்பு, கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையத்தை நடத்திவருகிறது. சான்றில்லாத இயந்திரத்துக்கு விற்பவரின் நாக்கு ஒன்றே சான்று.

தாமே கட்ட விழைவோருக்கு

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் ஸ்கோரெய்க் என்றொரு தீபகற்பம் உண்டு. அங்குச் செல்லச் சாலை இல்லை. படகில் செல்ல வேண்டும், அல்லது நடக்க வேண்டும். பொது மின்கம்பியும் இல்லை. அங்கே குடியேறிய ஹியூ பிகாட் என்பவர் 1970களின் இறுதியிலிருந்து அண்டை வீடுகளுக்குத் தம் கையாலேயே காற்றாலைகளைக் கட்டித் தந்தார். அவர் எழுதிய வழிகாட்டி நூல்களைப் பின்பற்றிப் பல நாடுகளிலும் சிறு பட்டறைகளில் காற்றாலைகள் உருவாகின்றன.

அம்முறையில் இறக்கைகள் மரத்தில் செதுக்கப்படுகின்றன. அடிப்பகுதி அகலமாகவும் சாய்வாகவும், நுனி குறுகலாகவும் தட்டையாகவும் இருக்கும். நுனி மிக விரைந்து செல்வதால் இந்த முறுக்கு தேவைப்படுகிறது. மின்னாக்கியில் இரண்டு இரும்புத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் வலிமை மிக்க நியோடிமியக் காந்தங்கள் ஒட்டப்படுகின்றன. அவ்விரு தட்டுகளுக்கும் இடையே, பிசினில் வார்த்த செம்புக் கம்பிச் சுருள்கள் அசையாமல் நிற்கும். தட்டுக்கு 12 காந்தமும், இடையே 9 சுருளும் என்பது வழக்கமான அமைப்புகளுள் ஒன்று. சுருளினுள் இரும்பு இல்லாததால் காந்தம் பிடித்து நிறுத்துவதில்லை. மென்காற்றிலும் எளிதாகச் சுழலத் தொடங்கும்.

பழைய காரின் ஆல்டர்நேட்டரைப் பயன்படுத்தலாமே என்று பலர் எண்ணுவர். 2 மீட்டர் இறக்கை, வினாடிக்கு 5 மீட்டர் காற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 290 சுற்றுகள்தான் சுற்றும். கார் ஆல்டர்நேட்டருக்கோ ஆயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும். பல்சக்கரம் வைத்து வேகத்தைக் கூட்டினால் கிடைக்கும் சிறிதளவு ஆற்றலும் உராய்வில் கரையும்.

இனி எச்சரிக்கைகள். பாட்டரி நிரம்பியதும் காற்றாலையின் கம்பியைச் சும்மா துண்டித்துவிடலாகாது. சுமை நீங்கிய இறக்கை கட்டுக்கடங்காத வேகத்தில் சுழன்று சிதறும்; பறக்கும் துண்டு ஆளைக் கொல்லும். எனவே மிகுதி மின்சாரத்தை ஒரு வெப்பச் சுருளுக்குத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் தேவை. பலத்த காற்றில் தலைப்பகுதி தானாகவே பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுமாறு வாலைச் சாய்கீலில் அமைக்க வேண்டும். நியோடிமியக் காந்தங்கள் இரண்டு ஒன்றையொன்று கவ்வும்போது இடையில் அகப்பட்ட விரல் நசுங்கும். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் அருகே வரக் கூடாது. கோபுரத்தின் மீது ஏறுவதைவிட, அடியில் கீல் வைத்து முழுக் கோபுரத்தையும் தரைக்குச் சாய்க்கும் அமைப்பே பாதுகாப்பானது. இடிதாங்கும் எர்த் இணைப்பும், பாட்டரி அறைக்குக் காற்றோட்டமும் இன்றியமையாதவை. பொது மின்கம்பியுடன் இணைப்பதாயின் மின்வாரியத்தின் அனுமதி வேண்டும். இல்லையேல், மின்தடை நேரத்தில் நம் வீட்டு மின்சாரம் கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைப் பறித்துவிடும். அவருக்கும் ஒரு குடும்பம் உண்டு அன்றோ?

காசில்லாத முதற்படி

வாங்குவதாயினும் கட்டுவதாயினும், முதலில் செய்ய வேண்டியதற்குப் பெருஞ்செலவில்லை. ஓராண்டு காற்றைக் கவனியுங்கள். இலைகள் சலசலப்பதோடு நின்றால் காற்றின் வேகம் வினாடிக்கு 3 மீட்டருக்குள்தான். சிறு கொடி விரிந்து பறந்து, இலையும் சிறுகுச்சியும் இடைவிடாது ஆடினால் 3½ முதல் 5½ மீட்டர். தெருவில் புழுதியும் காகிதமும் எழுந்தால் 5½ முதல் 8 மீட்டர். இதை நாள்தோறும் காலை, பகல், மாலை என மூன்று வேளை குறித்து வந்தால் ஆண்டிறுதியில் ஓரளவு உண்மை தெரியும். ஐயம் இருப்பின் காற்றுமானி ஒன்றை உரிய உயரத்தில் நிறுத்தி அளந்து பார்க்கலாம். கணவாய்களின் வாயிலும் திறந்த கடற்கரையிலும் உள்ளோருக்கு நல்ல எண்கள் கிடைக்கக்கூடும். ஆயினும் தமிழ்நாட்டுக் கணவாய்க் காற்று பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரையிலானது. மற்ற மாதங்களில் வெகுவாகத் தணிந்துவிடும் என்பதை மறத்தலாகாது. அம்மாதங்களுக்கு வெயிலின் துணையை நாட வேண்டும். அசையும் உறுப்பில்லாத சூரியத் தகடு இன்று மிகவும் மலிந்துவிட்டது. நகரத்து மாடிகளுக்கு அதுவே தகுந்தது.

அத்துடன் வீட்டின் செலவையும் எழுதிப் பாருங்கள். 9 வாட் விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம். 75 வாட் பழைய மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஆகும். விசிறிகளை மட்டும் 30 வாட் புதிய வகைக்கு மாற்றினாலே நாள்தோறும் 0.9 யூனிட் மிச்சம். வார்விக் நகர்ச் சோதனையின் சராசரிக் காற்றாலைகள் நான்கு சேர்ந்து தந்ததைவிட இது அதிகம்!

எனவே, பேருந்தில் கேட்ட சிறுவனுக்கு நாம் கூறும் விடை இதுவாகும்: "மகனே, நம் மாடி அதற்கு ஏற்ற இடமன்று. ஆனால் நீ ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் காற்றைக் குறித்து வா. பழைய சைக்கிள் டைனமோ ஒன்றை நான் தேடித் தருகிறேன். ஒரு சிறு விளக்கை உன் கையாலேயே எரிய வைத்துப் பார்." அந்த விளக்கு மின்கட்டணத்தைக் குறைக்காது. ஆனால் அளந்து பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தை அவன் அன்றே கற்றுக்கொள்வான். வாழ்நாள் முழுவதும் அவன் வீட்டில் வீண்செலவு குறையும்.